நத்தார் மேசைக்கு ஒரு பனையோலைத் தட்டு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமாகப் ஓலை இழைக்கும் பன்னவேலை தெரிந்த பெண்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறு கடையொன்றில், நத்தார் மேசையின் நடுவே வைக்கும் அலங்காரத்தை வீட்டிலேயே செய்துகொள்வதற்கான பொருட்தொகுதி ஒன்றை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஓரடி அகலமான வட்டத் தட்டு, நத்தாருக்கு முந்திய திருவருகைக்காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கும் ஒவ்வொன்றாக மெழுகுதிரி நிறுத்துவதற்கு நான்கு ஓலை வளையங்கள், ஊதாவும் சிவப்பும் ஏற்றிய பன்னிரண்டு ஓலைப் பூக்கள், சில நட்சத்திரங்கள், ஒரு பந்து தும்புக் கயிறு ஆகியவை அதில் இருந்தன. மெழுகுதிரிகளை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

தட்டைப் பற்றியே முதலில் சொல்ல வேண்டும். பனையின் இளம் ஓலையான சார்வோலையை ஒரே அகலத்தில் கிழித்து இரட்டையாக இழைத்து, கடகத்துக்குச் செய்வதுபோல விளிம்பை நாரால் இறுகக் கட்டியிருக்கிறார்கள். விரலால் தடவிப் பார்த்தபோது ஓலையின் முனை ஒன்றுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நான்கு மெழுகுதிரிகளையும் மணலையும் சுமந்தபடி நான்கு வாரம் இருந்தும் அடிப்பகுதி தொய்யவில்லை. ஆறு பேர் அமரும் எங்கள் மேசைக்கு இந்த அளவு மிகப் பொருத்தம்: உணவுப் பாத்திரங்களுக்கு இடம் விடுகிறது, எதிரே இருப்பவரின் முகத்தையும் மறைப்பதில்லை.

கடந்த ஆண்டு நகரக் கடையொன்றில் வாங்கிய பெட்டியோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அதில் அடித்தளமாக இருந்தது பூக்கடைகளில் பயன்படுத்தும் பச்சை நுரைக்கட்டி. அதை நீரின் மேல் வைத்துத் தானாக அமிழ விட வேண்டும். கையால் அழுத்தினால் உள்ளே காற்று சிக்கி நடுப்பகுதி உலர்ந்தே கிடக்கும். இந்த ஒரு வரியைக்கூடப் பெட்டியில் அச்சிட்டிருக்கவில்லை, நாங்கள் செருகிய இலைகள் இரண்டே நாளில் வாடிவிட்டன. அந்த நுரை ஒருவகைப் பிளாஸ்டிக் என்பதால், பண்டிகை முடிந்து வளவில் புதைத்தாலும் மண்ணோடு மக்காது. ஓலைத் தட்டு இப்போது எங்கள் வீட்டில் வாழைப்பழம் வைக்கும் தட்டாக இருக்கிறது.

இருப்பினும் இத்தொகுதியில் ஒரு பெரிய குறை உண்டு. எரியும் மெழுகுதிரியைக் காய்ந்த ஓலை வளையத்தில் நிறுத்துவது ஆபத்தானது. திரி அடிவரை எரிந்தால் வளையமும் பற்றிக்கொள்ளும். நாங்கள் வளையங்களை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கார்த்திகை விளக்கீட்டுக்காகச் சந்தையில் குவியும் சிட்டி விளக்குகளில் சற்று அகலமான நான்கைத் தேர்ந்தெடுத்து, ஈர மணல் நிரப்பி அவற்றில் மெழுகுதிரிகளை ஊன்றினோம். உருகி வழியும் மெழுகையும் மண் சிட்டியே தாங்கிக்கொண்டது. கடைக்காரர்கள் வளையங்களுக்குப் பதிலாகச் சிட்டிகளையே சேர்த்துக் கொடுத்தால் இந்தத் தொகுதியை யாருக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

பச்சைக்குச் சவுக்குக் கொப்புகளைச் சுற்றிக் கட்டினோம். அதில் ஊசியிலை என்று நாம் நினைப்பவை உண்மையில் மெல்லிய கிளைகள். இலைகள் அவற்றின் கணுக்களில் சின்னஞ்சிறு செதில்களாக ஒடுங்கியிருக்கின்றன. காய்ந்தால் அவையும் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் ஞாயிறுதோறும் புதிய கொப்பு மாற்றினோம், சுடருக்கு ஒரு சாண் தூரத்துக்குள் எதையும் விடவில்லை. உதிர்ந்த சவுக்கங்காய்களைப் பிள்ளைகள் பொறுக்கிவந்து பூக்களுக்கிடையே அடுக்கினார்கள். கடைப் பூக்களைவிட அவையே அழகாக இருந்தன என்பது என் எண்ணம்.

ஊதாச் சாயம் நனைந்தால் கசிகிறது. ஈர மணல் பட்ட ஒரு பூ எங்கள் வெள்ளை மேசை விரிப்பில் அழியாத கறையை விட்டுவிட்டது. திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்குரிய ரோஸ் நிறத்தில் ஒரு பூவாவது வைத்திருக்கலாம்.

வட்ட வடிவத்தை மட்டும் மாற்ற வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவந்தேன். 1839இல் யேர்மனியின் ஹம்பேர்க் நகரில் யோகான் ஹின்றிக் விகேர்ன் என்ற போதகர், தம் பராமரிப்பில் இருந்த ஏழைப் பிள்ளைகள் நத்தாருக்கு நாள் எண்ணுவதற்காக மெழுகுதிரிகளை ஏற்றி வைத்தது ஒரு வண்டிச் சக்கரத்தில்தான். அந்தச் சக்கரத்தின் வடிவம் பனையோலையில் எங்கள் மேசைக்கு வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

வாங்க விரும்புவோர் ஐப்பசி பிறக்கும் முன்பே சொல்லிவைப்பது நல்லது. மாரி மழை பிடித்துவிட்டால் சார்வோலை வெயிலில் காயாது. காயாத ஓலையில் இழைத்த தட்டு நத்தாருக்கு முன்பே பூஞ்சணம் பிடித்துவிடும் என்று சொல்லி, பிந்தி வந்த இருவரை அந்தப் பெண்கள் என் கண்முன்னே திருப்பி அனுப்பினார்கள்.