மோட்டோ: முகிலைத் தொடாமல் அலகுச் சோதனை

அம்பாறை நெல் ஆலைகளின் கொள்வனவுப் பதிவுகளைக் கையாளும் இணையச் செயலிக்காக, மட்டக்களப்பு கல்லடியில் இயங்கும் எங்கள் சிறு குழு, குறிநிரலின் சிறு பகுதிகளைத் தனித்தனியே சோதிக்கும் அலகுச் சோதனைகளுக்கு, பைடெஸ்ட் (pytest) என்னும் சோதனைக் கருவியுடன் மோட்டோ (Moto) என்னும் பைத்தன் நூலகத்தையும் பயன்படுத்துகிறது. அமேசான் முகிலின் (இணையவழிக் கணினிச் சேவையின்) எஸ்3 கோப்புச் சேமிப்பகம், டைனமோடிபி தரவுத்தளம் போன்றவற்றுக்கு, போட்டோ3 (boto3) என்னும் பைத்தன் நூலகம் வழியாகச் செல்லும் அழைப்புகளை மோட்டோ இடைமறித்து, கணினியின் நினைவகத்திலிருந்தே பதில் தருவதால், இணைய இணைப்பு அறுந்தாலும் சோதனைகள் ஓடும். முகில் கட்டணமும் ஏறாது.

சேவைக்கொரு அலங்கரிப்பான் (சோதனையின் மேல் இட்டு மோட்டோவை இயக்கும் குறியீடு) என்றிருந்த முறையை நீக்கி, 2024இல் வந்த 5ஆம் பதிப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தந்தது பெரிய நிம்மதி. ஆயினும் ஒழுங்கு முக்கியம்: போலி அணுகல் சாவிகளைச் சூழல் மாறிகளில் (நிரல் ஓடும்போது படிக்கும் கணினி அமைப்புகளில்) இட்டு, மோட்டோவைத் தொடக்கிய பின்னரே போட்டோ3 கிளையண்டை (சேவையுடன் பேசும் நிரல் பொருளை) உருவாக்க வேண்டும், இல்லையெனில் சோதனை உண்மையான கணக்கையே தொட்டுவிடக்கூடும். இதற்கு, சோதனைக்கு முன் தேவையானவற்றை ஆயத்தம் செய்யும் பைடெஸ்டின் ஃபிக்ஸ்சர் மிகப் பொருத்தமானது.

குறை ஒன்றுண்டு. அணுகல் அனுமதிகளை மோட்டோ இயல்பாகச் சரிபார்ப்பதில்லை. ஆகவே இங்கே தேறிய குறிநிரல், முகிலில் அனுமதி மறுக்கப்பட்டு நின்றுவிடலாம். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் பயிலும் மாணவர்களுக்கு இதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அனுமதிகளை மட்டும் தனியான சோதனைக் கணக்கொன்றில் பரிசோதியுங்கள்.