‘முழுத் தொலை மேலாண்மை’ என்று வாடகைக்கு வந்த சர்வர்: ஓர் எச்சரிக்கை

‘முழுமையான தொலை மேலாண்மை உண்டு’ என்ற ஒற்றை வரியை நம்பி, தரவு மையத்தில் ஒருவருக்கென்றே ஒதுக்கப்படும் தனிச் சர்வரை வாடகைக்கு எடுக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வரியை நம்பிய நான் ஓர் இரவு முழுவதும் சர்வரை இழந்தேன். செய்யாத வேலைக்கு இரண்டு முறை கட்டணம் கேட்கப்பட்டேன். முன்பின் அறியாத ஒருவருக்கு அதே சர்வரில் நிர்வாகி உரிமை இருந்ததை அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இந்த வழக்கம் ஒரே நிறுவனத்தோடு நின்றுவிடுவதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

சர்வரின் தாய்ப்பலகையில் பிஎம்சி எனப்படும் சிறிய தனிக் கணினி ஒன்று இருக்கிறது. சர்வர் அணைந்து கிடந்தாலும், மின்கம்பி செருகியிருக்கும் வரை அது காத்திருப்பு மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கென்று தனி ஐபி முகவரியும் தனிப் பயனர் கணக்குகளும் உண்டு. எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகவோ, ஐபிஎம்ஐ எனும் மேலாண்மை நெறிமுறையில் இயங்கும் ஐபிஎம்ஐடூல் கட்டளைகள் வழியாகவோ அதனுடன் பேசி, இயங்குதளம் செத்துக் கிடக்கும்போதும் சர்வரை அணைக்கலாம், எழுப்பலாம், சீரியல் கன்சோலில் (சர்வரின் எழுத்துத் திரையில்) என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். நான் வாடகை கொடுத்ததே இந்த வசதிக்காகத்தான்.

ஒப்படைத்த நாளிலேயே இரண்டு அறிகுறிகள் தென்பட்டன. இரண்டையும் நான் பொருட்படுத்தவில்லை. பிஎம்சிக்குள் எஸ்எஸ்எச் மூலம் நுழைய முயன்றபோது, அது முன்வைத்த சாவிப் பரிமாற்ற முறை மிகப் பழையது என்று கூறி என் கணினியின் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் இணைய மறுத்தது. அந்தப் பழைய முறையை ஓப்பன்எஸ்எஸ்எச் 2015ஆம் ஆண்டிலேயே இயல்பமைப்பிலிருந்து நீக்கிவிட்டது. அப்படியானால் பிஎம்சிக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான இந்த ஃபர்ம்வேரை எத்தனை ஆண்டுகளாக ஒருவரும் தொடவில்லை என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆதரவுப் பிரிவினர் பழைய முறையை அனுமதிக்கும் அமைப்பை எழுதி அனுப்பினார்கள்; நானும் நன்றி சொல்லிவிட்டு அப்படியே செய்தேன். இரண்டாவதாக, வெப்பநிலையையும் விசிறி வேகத்தையும் படித்துப் பார்த்ததோடு சோதனையை முடித்துக்கொண்டேன். அணைத்து எழுப்பும் மின்சாரக் கட்டளை ஒன்றைக்கூட அன்று நான் கொடுத்துப் பார்க்கவில்லை.

இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதுப்பித்து மறுதொடக்கம் கொடுத்த ஓர் இரவில் சர்வர் திரும்பி வரவில்லை. பிஎம்சிக்குள் நுழைந்தேன்; சர்வர் இயங்குவதாகவே அது சொன்னது. சீரியல் கன்சோலைத் திறக்க முயன்றால், வேறொரு அமர்வு ஏற்கெனவே அதைப் பிடித்திருக்கிறது என்ற பதில் வந்தது. இந்தக் கன்சோலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடித்திருக்க முடியும். முன்பு நானே சரியாக மூடாமல் விட்ட அமர்வாக இருக்கும் என்று நினைத்து அதைத் துண்டித்துவிட்டு உள்ளே போனேன். திரை வெறுமையாக இருந்தது. (கெர்னலின் தொடக்க வரியில் சீரியல் போர்ட்டைக் குறிப்பிட மறந்தது என் தவறு, அந்தப் பழியை நிறுவனத்தின் மேல் போட மாட்டேன்.) சரி, சர்வரை அணைத்து எழுப்புவோம் என்று மின்சாரக் கட்டளையைக் கொடுத்தேன். உரிமை போதாது என்று மறுத்துவிட்டது. ஐபிஎம்ஐயில் பயனர், இயக்குநர், நிர்வாகி என்று உரிமைப் படிகள் உண்டு. முழு மேலாண்மை என்று விற்றுவிட்டு, பார்க்க மட்டும் முடிகிற கீழ்ப் படியை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஆதரவுப் பிரிவுக்கு டிக்கெட் போட்டேன். நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு, தொழில்நுட்பர் நேரில் சென்று மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து மீண்டும் இணைத்ததாகவும், அதற்கு நேரடிப் பணிக் கட்டணம் உண்டு என்றும் பதில் வந்தது. சர்வரோ அப்படியே கிடந்தது. மீண்டும் கேட்டேன், மீண்டும் அதே பதிலும் அதே கட்டணமும் வந்தன. அந்த நேரம் முழுவதும் பிஎம்சியுடன் நான் திறந்து வைத்திருந்த எஸ்எஸ்எச் இணைப்பு ஒரு நொடிகூட அறுபடவில்லை. மின்கம்பியை உண்மையாகவே பிடுங்கியிருந்தால் காத்திருப்பு மின்சாரமும் போயிருக்கும், பிஎம்சியும் அணைந்திருக்கும், என் இணைப்பும் அந்தக் கணமே செத்திருக்கும். இதை எழுதிக் கேட்டபோது, இரண்டு மின்வழங்கிகளில் ஒன்றை மட்டும் பிடுங்கியிருக்கலாம் என்றார்கள். ஒன்றைப் பிடுங்கினாலும் மின்உள்ளீடு இழந்தது என்ற பதிவு பிஎம்சியின் நிகழ்வுக் குறிப்பில் விழ வேண்டும். அப்படி ஒரு வரியும் அதில் இல்லை.

விடியற்காலையில் மூன்றாவது முறை கேட்டபோது என் இணைப்பு அறுந்தது. இரண்டு நிமிடம் கழித்துப் பிஎம்சி மீண்டும் பதில் சொன்னது, சர்வரும் எழுந்தது. வட்டுக் கட்டுப்படுத்தி உறைந்து போயிருந்ததால், முழு மின்துண்டிப்பு ஒன்றே அதற்கு மருந்தாக இருந்திருக்கிறது. எழுந்ததும், வட்டுகள் தம்மைப் பற்றித் தாமே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்த்தேன். எத்தனை முறை மின்சாரம் போய் வந்தது என்பதை ஒவ்வொரு வட்டும் எண்ணி வைத்திருக்கும். ஒப்படைத்த நாளில் 41 என்று குறித்திருந்தேன். இப்போது 42 என்று இருந்தது. விலைப்பட்டியலில் மூன்று துண்டிப்புகள் இருந்தன.

கன்சோலைப் பிடித்திருந்த அந்த அமர்வு என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. லினக்ஸில் ரூட் எனும் முழு உரிமை இருந்தால் உள்வழியாகவே கடவுச்சொல் இல்லாமல் பிஎம்சியுடன் பேச முடியும் என்பதால், அங்கிருந்து பயனர் பட்டியலை எடுத்தேன். என் கணக்கும் நிறுவனத்தின் கணக்கும் இருந்தன. மூன்றாவதாக நிர்வாகி உரிமையுடன் அறிமுகமற்ற ஒரு பெயர் இருந்தது. கண்காணிப்புக் கணக்கு என்று முதலில் மழுப்பியவர்கள், நான்கு நாள் கழித்து, முந்தைய வாடிக்கையாளர் உருவாக்கிய கணக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். வட்டை அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவினாலும் பிஎம்சிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். முன்பு வாடகைக்கு இருந்தவர் ரூட் உரிமையை வைத்துக் கணக்கொன்றை உருவாக்கிவிட்டுப் போயிருந்தால், யாராவது மெனக்கெட்டு அழிக்கும் வரை அது அங்கேயே கிடக்கும்.

அழிப்பதோடும் முடிவதில்லை. 2019 பிப்ரவரியில் எக்ளிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘கிளவுட்போர்ன்’ என்ற பெயரில் வெளியிட்ட சோதனையில், வாடகைச் சர்வரைத் திருப்பிக் கொடுத்து மீண்டும் எடுத்தபோது, அவர்கள் சேர்த்திருந்த கணக்கு நீக்கப்பட்டிருந்தது; ஃபர்ம்வேரில் செய்திருந்த மாற்றமோ அப்படியே இருந்தது. பிஎம்சியின் முகவரி பொது இணையத்தில் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2004இல் வந்த ஐபிஎம்ஐ 2.0 நெறிமுறையின்படி, சரியான பயனர் பெயரைச் சொல்லிக் கேட்கும் எவருக்கும், லாகின் முடிவதற்கு முன்பே, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் எனும் குறியீட்டை பிஎம்சி அனுப்பிவிடுகிறது. வாங்கியவர் அதைத் தன் கணினியில் வைத்து நிதானமாக உடைத்துக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர் டான் ஃபார்மர் 2013இல் இதை வெளிச்சமிட்டுக் காட்டினார். நெறிமுறையிலேயே உள்ள ஓட்டை என்பதால் ஃபர்ம்வேர் புதுப்பிப்பால் இது அடைபடாது. என் சர்வரின் பிஎம்சி பொது முகவரியில், ஐபிஎம்ஐக்கான 623ஆம் போர்ட் திறந்த நிலையில் இருந்தது.

ஆகவே பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: என் கணக்கின் உரிமைப் படி என்ன, பிஎம்சி தனி வலையமைப்பில் விபிஎன்னுக்குப் பின்னால் இருக்கிறதா, ஃபர்ம்வேர் எந்தப் பதிப்பு, முந்தையவர் போன பிறகு அது மறுபதிவு (அழித்துப் புதிதாக ஏற்றுவது) செய்யப்பட்டதா. சர்வரில் எதையும் ஏற்றாத முதல் நாளிலேயே அணைத்து எழுப்பிப் பாருங்கள். கன்சோலில் லாகின் வரி வரும் வரை விடாதீர்கள். பயனர் பட்டியலையும் வட்டின் மின்சுழற்சி எண்ணையும் குறித்து வையுங்கள். அந்த எண்ணை நான் தற்செயலாகத்தான் குறித்திருந்தேன்.

இரண்டு போலித் துண்டிப்புகளுக்கான கட்டணத்தை, எண்களை முன்வைத்த பிறகு திருப்பித் தந்தார்கள். அந்த மாத வாடகையைத் தரவில்லை. மூன்றாவது கணக்கு ஐந்தாம் நாள் நீக்கப்பட்டது. ஃபர்ம்வேரை மறுபதிவு செய்யும்படி மூன்று முறை எழுதினேன், அதற்குப் பதிலே வரவில்லை. சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்றிவிட்டு, தரவை எடுத்துக்கொண்டு வெளியேறினேன். இரண்டு வாரத்தில் அதே வகைச் சர்வர், அதே ஒற்றை வரியுடன், அவர்களின் விற்பனைப் பட்டியலில் மீண்டும் இடம்பெற்றிருந்தது.