மாதம் 4,000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப்: திட்டம் நல்ல திட்டம், வீடு வரைக்கும் வரத்தான் மாட்டேன் என்கிறது

அப்பா இல்லாத பிள்ளைகளுக்கு அரசு மாதம் 4,000 ரூபாய் தருகிறது என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றும். பார்த்துவிட்டு ஊரே கலெக்டர் ஆபீஸுக்குக் கிளம்பும். செய்தியில் பாதி உண்மை. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் ஸ்பான்சர்ஷிப் என்று ஒரு பகுதி உண்டு, நம் ஊர் அலுவலகங்களில் நிதி ஆதரவுத் திட்டம் என்பார்கள், மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம் போட்டு பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 4,000 ரூபாய் தரலாம். ஆனால் அப்பா இல்லை என்பதற்காக மட்டும் கிடைத்துவிடாது. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்காக இதில் நானும் கூடவே அலைந்தேன். அதனால் இந்தத் திட்டத்தை ஒரு சேவையாகப் பார்த்து எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பெரிய விஷயம். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் போய்விட்டால் சொந்தக்காரர்கள் வந்து முதலில் சொல்வது என்ன? "பையனை ஹோம்ல சேத்துரும்மா, மூணு வேளை சோறு போட்டுப் படிக்கவும் வெச்சிருவாங்க." அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னார்கள், நல்லெண்ணத்தில்தான். தாய் உயிரோடு இருந்தும் வறுமைக்காகப் பிள்ளையை விடுதிக்கு அனுப்புவது நமக்கு அவ்வளவு பழகிப்போயிருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமோ, பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. அந்த வரியைச் செயலுக்குக் கொண்டுவருவது இந்த ஸ்பான்சர்ஷிப் பணம்தான். இல்லத்தில் இருக்கும் ஒரு பிள்ளையின் பராமரிப்புக்கே அரசு மாதம் 3,000 ரூபாய் தருகிறது, ஊழியர் சம்பளமும் மற்ற செலவும் அதற்கு மேல் தனி. அதோடு ஒப்பிட்டால் அம்மாவிடமோ பாட்டியிடமோ 4,000 கொடுத்துப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வது ஒன்றும் ஊதாரித்தனம் இல்லை. முன்பு இதே திட்டம் ஐசிபிஎஸ் (ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம்) என்ற பெயரில் நடந்தபோது 2,000 ரூபாய்தான் கொடுத்தார்கள், வாத்சல்யாவில் இரட்டிப்பாக்கினார்கள்.

யாருக்குக் கிடைக்கும்? கணவரை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் இருவரும் இல்லாமல் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள், பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் அல்லது உழைக்க முடியாத ஊனம் இருக்கும் பிள்ளைகள், குழந்தைத் தொழிலில் இருந்தோ குழந்தைத் திருமணத்தில் இருந்தோ மீட்கப்பட்டவர்கள். பள்ளிக்குத் தொடர்ந்து போக வேண்டும். இதற்கு மேல் வருமான வரம்பு என்று ஒன்று இருக்கிறது, எனக்குக் கோபமே அதில்தான். கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000. அதாவது மாதம் 6,000 அல்லது 8,000. இன்றைக்கு ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஒரு பெண் அதைவிடக் கூடுதலாக வாங்குகிறாள், வாங்கியும் வாடகை போக மிச்சம் எதுவும் இல்லை. உள்ளதைச் சொன்னால் மனு தள்ளுபடி. அப்போது அவள் என்ன செய்வாள், வி.ஏ.ஓ.விடம் நின்று குறைத்துப் போடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். நேர்மையாக உழைக்கும் தாயை இப்படி நிறுத்துவது எந்த வகையிலும் சரியில்லை, இந்த வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

அப்புறம் காகிதம். கணவரின் இறப்புச் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, விதவைச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, பிள்ளை பெயரும் சேர்ந்த வங்கிக் கணக்கு. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போனால் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஏறி இறங்கும். ஒவ்வொரு அலைச்சலுக்கும் அக்காவுக்கு ஒரு நாள் கூலி போனது. நாங்கள் போன அலுவலகத்தில் யாரும் மோசமாகப் பேசவில்லை, அதையும் சொல்ல வேண்டும், ஆனால் என்னென்ன வேண்டும் என்பதை ஒரே தடவையில் எழுதிக் கொடுக்கவும் யாரும் இல்லை. இந்த மனுவை வாங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள், ஒரு மாவட்டம் முழுவதையும் அந்தச் சிலர்தான் பார்க்கிறார்கள். பணம் வந்ததும் ஒழுங்கில்லை. பல மாதம் ஒன்றும் இல்லாமல் திடீரென்று மொத்தமாக வந்தது, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்று பாஸ்புக்கைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. மாதச் செலவுக்கென்று தரும் பணம் மாதாமாதம் வர வேண்டாமா?

ஆனாலும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அக்காவின் பெரியவன் இப்போது போவதில்லை, பத்தாம் வகுப்பு படிக்கிறான்.

குழந்தைகள் நலத்தில் புதுமையான முயற்சிகளுக்கு நிதி என்று அரசு பேசும்போது எனக்கு 1098, அதாவது ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கான உதவி எண், ஞாபகம் வரும். 1996இல் மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஜெரூ பில்லிமோரியா ஒரு சின்ன முயற்சியாகத் தொடங்கியது அது. அரசு பணம் போட்டது, நாடு முழுக்கப் பரவியது, 2023இல் அரசே எடுத்து 112 அவசர எண்ணோடு இணைத்து நடத்தத் தொடங்கியது. ஐசிபிஎஸ் காலத்திலேயே புதுமையான முயற்சிகளுக்கென்று தனியாக நிதி ஒதுக்க வழி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட பணம் இருந்தால் புது ஆப், புது லோகோ என்று போக வேண்டாம். ஊருக்கு ஒரு ஆளைப் போடட்டும், வீடு தேடிப் போய் மனு எழுதி, சான்று வாங்கிக் கொடுத்து, பணம் வருகிறதா என்று பார்க்கிற ஆள். தமிழ்நாட்டுக்கு இது புதிதில்லை, இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுத்துத் தெருத் தெருவாகப் பாடம் நடத்தினோமே. எந்த வீட்டில் அப்பன் செத்தான், எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்று அங்கன்வாடி அக்காவுக்குத் தெரியும். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவும் விதிப்படி இருக்க வேண்டும். அது கூடினாலே பாதி மனு ஊரிலேயே தயாராகிவிடும்.

2025 செப்டம்பரில் மாநில அரசு அன்புக் கரங்கள் என்று மாதம் 2,000 ரூபாய்த் திட்டம் ஒன்றும் தொடங்கியது, பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கும். ஸ்பான்சர்ஷிப்பில் இடமில்லை என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் புரோக்கர் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள், மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நேராக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள், எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். எல்லாச் சான்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.