ஜோனிஸ் நோய்க்கு ஊசி போட ஆள் வருகிறாரா? கொஞ்சம் பொறுங்கள்

செம்மறி வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மந்தையில் பெரிய ஆடுகள் நன்றாக மேய்ந்தும் மெலிந்துகொண்டே போயின. சிலவற்றுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்தது. செத்த ஆட்டை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், சிறுகுடல் தடித்திருப்பதைக் காட்டினார். ஆய்வகம், குடலைத் தாக்கும் பாக்டீரியா நோயான ஜோனிஸ் நோய் என்று உறுதி செய்தது. மாட்டைப் போலச் செம்மறிக்குக் கழிச்சல் இருந்தே தீரும் என்றில்லை. அதனால்தான் பலரும் குடற்புழு என்று நினைத்து மருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு தடுப்பூசி முகவர் வந்தார். "ஒரே ஊசிதான், மெலிந்ததெல்லாம் தேறிவிடும்" என்று மொத்த மந்தைக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டார். சுத்தப் பொய். கிருமி பெரும்பாலும் குட்டியிலேயே, புழுக்கை பட்ட மடி வழியாகவும் பால் வழியாகவும் உள்ளே போய் வருடக்கணக்கில் பதுங்கியிருக்கும். மெலிந்த ஆட்டை எந்த ஊசியும் தேற்றாது. 4 முதல் 16 வாரத்துக்குள் குட்டிகளுக்குப் போட்டால்தான் நல்ல பலன். அப்போதும் சாவு குறையும், புழுக்கையில் கிருமி வெளியேறுவது குறையும், அவ்வளவுதான்.

போட்ட விதம் இன்னும் மோசம். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து, ஐஸ் இல்லாமல் தோள்பையில் வந்தது. காதுக்குப் பின்னால், கழுத்தில், தோலுக்கு அடியில் போட வேண்டியதைத் தொடைச் சதையில் குத்தினார். கூட வந்த பையன் விரலில் ஊசி ஏறியதற்கு "கழுவிக்கோடா" என்றார். எண்ணெய் கலந்த மருந்து அது, விரலையே இழக்க நேரிடலாம். நாங்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

இதெல்லாம் போக, எந்தெந்த ஆட்டுக்கு ஊசி போட்டார் என்று காதுவில்லையும் இல்லை, குறிப்பும் இல்லை. இனி ரத்தப் பரிசோதனையில் ஒரு ஆட்டுக்கு நோய் எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்குவது) தெரிந்தால், அது நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. புழுக்கையைத்தான் பரிசோதிக்க வேண்டும்.

ஊசிக்கு ஆள் வந்தால் குளிர்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். புட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். எந்த வயது ஆட்டுக்கு, எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். உங்கள் கால்நடை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த முகவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஊசி போட்டாலும் சில ஆடு சாகத்தான் செய்யும்" என்கிறார். அது உண்மைதான். பணம் வாங்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார்.