காசு போட்டு வாங்கிப் பார்த்துச் சொல்கிறார்கள்: 'பிளானட் மணி' பாட்காஸ்ட்

ரிசர்வ் வங்கி, பிற வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியான ரெப்போ விகிதத்தைக் கால் சதவீதம் குறைத்தது என்று ஒரு வரி வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குத் தாவிவிடும் வழக்கத்திற்கு நம் காதுகள் பழகிவிட்டன. அந்தக் கால் சதவீதம் யாருடைய வீட்டுக்கடன் தவணையில், எத்தனை மாதம் கழித்து, ஏன் தெரியும் அல்லது தெரியாமலே போகும் என்று கேட்கத் தோன்றுகிறவர்களுக்காக நடத்தப்படுவதுதான் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். இணையத்தில் வழங்கும் பொருளாதார ஒலித்தொடரான 'பிளானட் மணி'. பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கேட்டு வருகிறவன் என்ற முறையில், தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேட்பவருக்கு இது எவ்வளவு பயன்படும் என்பதை மட்டும் இங்கே சொல்ல முனைகிறேன்.

நிகழ்ச்சி பிறந்ததே ஒரு செய்தி புரியாமல் போனதால்தான். 2008 மே மாதம், ஆடம் டேவிட்சன், அலெக்ஸ் பிளம்பெர்க் என்ற இரு செய்தியாளர்கள், அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடியைப் பற்றி 'திஸ் அமெரிக்கன் லைஃப்' என்ற வானொலி நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரத் தொகுப்பு ஒன்றைச் செய்தனர். மூன்று பகுதிநேர வேலைகளில் ஆண்டுக்கு 45,000 டாலர் அளவில் சம்பாதித்த ஒருவருக்கு 5,40,000 டாலர் கடன் எப்படிக் கிடைத்தது என்பதிலிருந்து அது தொடங்குகிறது. வருமானச் சான்றும் கேட்கவில்லை, சொத்து விவரமும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட கடனுக்கு அந்தத் தொழிலில் தனிப் பெயரே இருந்தது. (நம் ஊரில் இருசக்கர வாகனக் கடனுக்கே மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள்.) உலகெங்கும் சேர்ந்திருந்த சேமிப்பு 36 லட்சம் கோடி டாலரிலிருந்து ஆறே ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பாகி 70 லட்சம் கோடியைத் தொட்டதும், அந்தப் பணம் எங்கே போய் முதலீடாவது என்று அலைந்ததும், அமெரிக்க நிதிச் சந்தையான வால் ஸ்ட்ரீட் அதற்கு அமெரிக்க வீட்டுக்கடனைக் கட்டுக் கட்டாகக் கட்டி விற்றதும் அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விளங்கின. அந்த ஒரு மணி நேரத்திற்குக் கிடைத்த வரவேற்பினால் அதே ஆண்டு செப்டம்பரில் 'பிளானட் மணி' தொடங்கியது. அம்மாதம் 15ஆம் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. விளக்கம் கேட்கக் காத்திருந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

இந்த நிகழ்ச்சியை மற்ற விளக்க நிகழ்ச்சிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது, சொல்ல வந்த விஷயத்தைத் தாங்களே காசு போட்டு வாங்கிப் பார்த்துவிடும் குணம். 2010இல், மதிப்பிழந்துபோன வீட்டுக்கடன் பத்திரங்களை எல்லாச் செய்தித்தாள்களும் 'நச்சுச் சொத்து' (டாக்ஸிக் அசெட்) என்று எழுதிக்கொண்டிருந்தபோது, இவர்கள் தங்கள் கைப்பணம் ஆயிரம் டாலரைச் சேர்த்து அப்படிப்பட்ட ஒரு கடன் பத்திரத்தின் சிறு துண்டை வாங்கினர். வீட்டு விலைகள் உச்சத்தில் இருந்தபோது அந்தத் துண்டின் மதிப்பு 75,000 டாலர். அதற்கு, நச்சு என்று பொருள்படும் 'டாக்ஸிக்' என்ற சொல்லைச் சுருக்கி 'டாக்ஸி' (Toxie) என்று செல்லப் பெயர் வைத்து, கடன் வாங்கியவர்கள் தவணை கட்டிய மாதத்தில் எவ்வளவு வந்தது, கட்டாத மாதத்தில் எவ்வளவு குறைந்தது என்று நேயர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தனர். ஆண்டு முடிவதற்குள் அந்தப் பத்திரம் செத்தது. திரும்பி வந்தது 449 டாலர். நச்சுச் சொத்து என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

ஒரு டி-ஷர்ட்டைத் தாங்களே தயாரிக்கச் செய்து, அது உருவாகும் வழியைப் பின்தொடர்ந்து 2013இல் செய்த தொடர் இன்னும் பெரிய முயற்சி. நேயர்களிடம் 50,000 டாலர் திரட்ட எண்ணி இணையத்தில் கேட்க, வந்து குவிந்தது 5,90,000 டாலருக்கும் மேல். அமெரிக்காவின் பருத்தி, இந்தோனேசியாவில் நூலாகி, வங்கதேசத்தில் துணியாகித் தைக்கப்பட்டு, ஆண்களுக்கான சட்டையாகக் கப்பலேறியது. பெண்களுக்கான சட்டை கொலம்பியாவில் தயாரானது. நிட்டிங், டையிங், கட்டிங், செக்கிங், பேக்கிங் என்ற வரிசையைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய திருப்பூர்க்காரர்களுக்கு இதில் தொழில் நுணுக்கம் என்று புதிதாக ஒன்றும் இராது. ஆனால் அந்த வரிசையின் ஒவ்வொரு படியிலும் யாருக்கு எவ்வளவு போகிறது, ஒரு நாட்டில் கூலி உயர்ந்தால் ஆர்டர் எந்த நாட்டிற்கு நகர்கிறது என்பதை இத்தனை நிதானமாக அவர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். சட்டையின் மேல் மதுக் கோப்பையை உயர்த்திப் பிடித்திருக்கும் அணில் ஒன்றை அச்சிட்டிருந்தனர். மனிதர்களின் பொருளாதார முடிவுகளை உந்தும் விலங்குணர்வைப் பற்றிப் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் எழுதியதை வைத்துச் செய்த கேலி அது.

ஆயினும், ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள் என்றால் பிரேசில் பற்றிய பகுதியைத்தான் சொல்வேன். 1990இல் அந்நாட்டின் பணவீக்கம் ஒரு மாதத்திற்கே 80 சதவீதத்தைத் தொட்டது. கடையில் விலைச்சீட்டு ஒட்டுபவர் அலமாரி வரிசையில் நகர்ந்துகொண்டிருக்க, அவரை முந்திக்கொண்டு ஓடிப் பழைய விலையிலேயே பொருளை எடுக்க மக்கள் முண்டியடித்ததை அங்கே வாழ்ந்தவர்கள் சொல்கிறார்கள். விலையை உறையவைத்தும் நாணயத்தின் பெயரை மாற்றியும் அரசுகள் தோற்றபின், எட்மார் பாஷா உள்ளிட்ட சில பொருளாதார அறிஞர்கள் ஒரு விசித்திரமான யோசனையை முன்வைத்தனர். 1994 மார்ச்சில் கையில் பிடிக்க முடியாத ஒரு கணக்குப் பணத்தை உருவாக்கி, விலையும் சம்பளமும் வரியும் அதிலேயே எழுதப்பட வேண்டும் என்றனர். பால் விலை அந்தக் கற்பனைப் பணத்தில் இன்றும் ஒன்று, நாளையும் ஒன்று; அது அப்போது புழங்கிய நாணயமான குருசெய்ரோவில் எத்தனை என்ற கணக்கு மட்டுமே தினம் மாறும். விலை நிலையாக நிற்கும் என்ற நம்பிக்கை பழகிய பிறகு, ஜூலை 1ஆம் தேதி அந்தக் கணக்குப் பணமே 'ரியால்' என்ற உண்மை நாணயமாக வெளிவந்தது, பணவீக்கமும் அடங்கியது. எதிர்பார்ப்பே பணவீக்கத்தை வளர்க்கிறது என்று பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை, இருபது நிமிடத்திற்குள், ஒரு சூத்திரம் கூடச் சொல்லாமல் மனத்தில் பதியவைத்துவிடுகிறார்கள்.

குறையும் இந்தக் குணத்திலிருந்தே வருகிறது. வாங்கவும் விற்கவும் முடிகிற எதையும் அபாரமாக விளக்குகிற இவர்கள், அதிகாரம் என்று வரும்போது சற்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். டி-ஷர்ட் தொடருக்கு நிதி திரட்டத் தொடங்கியது, 1,100க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வங்கதேச ஆடைத் தொழிற்சாலைக் கட்டடமான ராணா பிளாசா இடிந்து விழுந்த விபத்து நடந்த சில நாட்களுக்குள். வங்கதேச ஆயத்த ஆடைத் தொழிலில் அப்போதைய குறைந்தபட்ச மாதக் கூலி 3,000 டாக்கா. இவற்றைத் தொடர் மறைக்கவில்லை. தைப்பவர்களின் வீடு வரை செல்கிறது. ஆனால் அந்தக் கூலியை நிர்ணயிப்பதில் பெரிய கொள்முதல் நிறுவனங்களுக்கு இருக்கும் கை பற்றிய பேச்சு, ஏழை நாடு ஏறி வரும் ஏணியின் முதல் படி இது என்ற விளக்கத்திற்குள் அமுங்கிவிடுகிறது என்றே எனக்குத் தோன்றியது. பீஸ் ரேட்டுக்குத் தைத்துப் பழகிய ஒருவர் கேட்டால் அந்த ஏணிக் கதையை அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, இவர்களுடைய 'அன்றாட நேயர்' அமெரிக்கர். அங்குள்ள மருத்துவக் காப்பீட்டுக் குழப்பமும் மாணவர் கடனும் மத்திய வங்கியின் வட்டியும் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவருக்கு அவற்றின் அடிப்படை தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தொகுப்பாளர்கள் இருவர் ஒருவரையொருவர் சீண்டிச் சிரித்துக்கொள்ளும் இடங்கள் சில சமயம் நீள்கின்றன. இடையிடையே விளம்பரமும் உண்டு. கட்டணம் செலுத்தினால் அது இல்லாமல் கேட்கலாம், ஆனால் இந்தியாவிலிருந்து கேட்பவர் அதற்காகப் பணம் கட்ட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

வேகமான அமெரிக்க உச்சரிப்பு சிரமம் தருமென்றால், என்.பி.ஆர். தளத்தில் பேச்சு முழுவதும் எழுத்து வடிவிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கண்முன் வைத்துக்கொண்டு சில பகுதிகளைக் கேட்டால் காது பழகிவிடும். அன்றைய செய்திக்கு உடனடி விளக்கம் வேண்டுபவர்களுக்கு, 2017 டிசம்பரில் இவர்களே தொடங்கிய 'தி இண்டிகேட்டர்' பொருத்தமானது. சுமார் பத்து நிமிடம், வார நாட்களில் வருகிறது, எண் ஒன்றையோ சொல் ஒன்றையோ எடுத்துக்கொண்டு முடித்துவிடுகிறது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் குறிப்பெடுக்க அது உதவும். மூல நிகழ்ச்சி குறிப்பெடுக்க வாகானது அல்ல. பேருந்துப் பயணத்தில் கேட்டுவிட்டு, வீட்டில் மற்றவர்களிடம் கதையாகச் சொல்லத்தான் ஏற்றது. பழைய பகுதிகளை மறு ஒலிபரப்பாகவும் அடிக்கடி தருவதால், விலையையோ வட்டியையோ மேற்கோள் காட்டும் முன் அது முதலில் வெளியான ஆண்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.