பல்யோசா பார்க்க எங்கே போகலாம்: செப்ரெய்ரோவா, பியோர்னெடோவா?

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவுக்குப் போகிறவர்களில் பலர் அங்குள்ள யாத்திரை நகரமான சந்தியாகோவின் பேராலயத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த மலைநாட்டுக் குடியானவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால், பல்யோசா என்ற பழைய வீட்டுக்குள் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும். முட்டை வடிவில் கல்சுவர், மேலே ரை தானியத்தின் தாளால் வேய்ந்த கனத்த கூரை. அதை அருங்காட்சியகமாக வைத்திருக்கும் இரண்டு மலை ஊர்கள் லூகோ மாகாணத்தில் உள்ளன. ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் எதற்குப் போவது?

ஓ செப்ரெய்ரோவுக்குப் போவது சுலபம். சந்தியாகோவுக்கு நடந்து செல்லும் பிரெஞ்சு யாத்திரைப் பாதை, மேடேறி கலீசியாவுக்குள் நுழையும் ஊரே இதுதான். உயரம் ஏறக்குறைய 1,300 மீட்டர். இங்குள்ள பல்யோசாக்கள் இடிந்து போகாமல் நிற்பதில் பங்குத் தந்தை எலியாஸ் வலிஞாவுக்குப் பெரிய பங்கு உண்டு. யாத்திரைப் பாதைக்கு மஞ்சள் அம்புக்குறி போட்ட அதே மனிதர், 1989-ல் காலமானார். ஒரு பல்யோசாவுக்குள் ஏர், பாத்திரம், தறி என்று மலை வாழ்க்கையின் சாமான்களை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஊரே யாத்ரீகர்களை நம்பி நடப்பது. வெளியே விடுதி, கடை, கூட்டம். பொருட்களைப் பார்க்கலாம், குடித்தனம் நடந்த வீடு என்ற உணர்வு அவ்வளவாக வராது.

பியோர்னெடோ அங்காரெஸ் மலைக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது. வளைந்து வளைந்து போகும் சாலை, சொந்த வண்டியோ வாடகைக் காரோ இல்லாமல் சிரமம்தான். அங்கே ‘காசா தோ செஸ்தோ’ என்ற பல்யோசாவில் சுமார் 1970 வரை ஆட்கள் குடியிருந்தார்கள். வீட்டுக்காரக் குடும்பமே அதைத் திறந்து காட்டுகிறது.

பல்யோசாவைப் பொதுவாகச் சரிவான நிலத்தில்தான் கட்டுவார்கள். கீழ்ப்பக்கம் மாட்டுத் தொழுவம், மேல்ப்பக்கம் மனிதர்கள். சாணமும் கழிவும் சரிவில் போய்விடும், மாடுகளின் உடல் சூடு குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே தங்கும். நடுவில் அடுப்பு, அதற்கு மேலே பின்னிய குச்சிப் பரண். பரண்மேல் கஷ்கொட்டை உலரும், தீப்பொறி கூரைக்குப் போகாமலும் அது தடுக்கும். புகைபோக்கி கிடையாது. புகை இறைச்சியைப் பதப்படுத்திக்கொண்டே மெதுவாகக் கூரைத் தாள் வழியாகக் கசிந்து போகும். பூச்சி அண்டாமல் தாளையும் அதுவே காக்கும். கூரை உட்புறம் கரி பிடித்துக் கறுத்திருப்பது அதனால்தான். இத்தனையும் ஒரே அறைக்குள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது, ஏழ்மைக்குள்ளும் எவ்வளவு யோசனை இருந்திருக்கிறது என்று புரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருளால் அதைச் சொல்ல முடியாது. அதனால் என் ஓட்டு பியோர்னெடோவுக்கே.

மலைப்பக்கம் போகவே முடியாதவர்களுக்கு சந்தியாகோவிலேயே ‘முசேயோ தோ போபோ கலேகோ’ என்ற கலீசிய மக்கள் அருங்காட்சியகம் இருக்கிறது. பொனாவல் மடாலயத்தில் 1977-ல் திறந்தது. சிறிய அருங்காட்சியகம் என்று சொல்ல முடியாது; கடல், வயல், கைத்தொழில், உடை, இசை என்று கலீசியா முழுவதையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. தோமிங்கோ தே அந்த்ராதே கட்டிய, மூன்று சுருள்கள் பின்னிக்கொண்டு ஏறும் கல் படிக்கட்டுக்காகவே போகலாம். ஒட்டியிருக்கும் தேவாலயத்தில் கவிஞர் ரொசாலியா தே காஸ்த்ரோவின் கல்லறையும் இருக்கிறது. முதலில் இங்கே சுற்றிவிட்டு அப்புறம் மலைக்குப் போனால், அங்கே பார்க்கும் ஒவ்வொன்றும் சட்டென்று விளங்கும்.

இன்னொரு விஷயம். இந்தக் கூரைகள் நிரந்தரமல்ல, அவ்வப்போது தாள் மாற்றி வேய வேண்டும். அதற்கு நீளமான, நசுங்காத தாள் தேவை. அறுவடை இயந்திரத்தில் போட்டால் நசுங்கிவிடும், கையால்தான் அறுக்க வேண்டும். மலையில் ரை பயிரிடுவதும் குறைந்துவிட்டது, வேயத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன. ஒரு குடும்பம் தன் பொறுப்பில் இதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அங்கே கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தை மனதாரக் கொடுக்கலாம். குளிர்காலத்தில் பனி கொட்டும், கோடையில் போவது நல்லது. கிளம்புமுன் திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். நடைப்பயணமாக வருபவர்கள் மட்டும் வழியில் வரும் செப்ரெய்ரோவோடு நிறுத்திக்கொள்ளலாம். பியோர்னெடோவுக்காகப் பாதையை விட்டு விலகுவது கட்டுப்படியாகாது.