நீடில் மட்டும் மாற்றினால் போதாது: கார்புரேட்டர் வண்டியோடு என் அனுபவம்

திருவொற்றியூரில் இருக்கும் சித்தப்பா பையன் பழைய 100 சிசி வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். "கார்புரேட்டர் வண்டி வாங்கலாமாண்ணா? செலவு வைக்குமா?" என்று கேட்டான். அதே மாதிரி வண்டியைத்தான் வருஷக்கணக்காக ஓட்டுகிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் எனக்குப் பிடித்தது, எங்கே கோளாறு என்பதை ஓட்டும்போதே கண்டுபிடித்துவிடலாம். ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டரை முறுக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம், நிற்கவில்லையா, அதற்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும். முழுசாக முறுக்கினால் மட்டும் இழுக்கவில்லையா, முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும். ஐடில் தானாக ஏறி இறங்கினால், கார்புரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் காற்று கசிகிறது. அங்கே கொஞ்சம் கார்புரேட்டர் க்ளீனர் அடித்ததும் இன்ஜின் சத்தம் மாறினால் சந்தேகமே வேண்டாம். கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காதும் போதும்.

என்னை விடாமல் படுத்தியது வேறு. ஐடில் அருமையாக நிற்கும், முழு வேகத்திலும் குறை இருக்காது. ஆனால் நடுவில், 30-40 கிலோமீட்டர் வேகத்தில், வண்டி திணறும். பிளக்கைக் கழற்றினால் கரி. மைலேஜ் இறங்கிக்கொண்டே போனது. எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே பதில்: "அண்ணா, ட்யூனிங் பண்ணா சரியாயிடும்." காற்று ஸ்க்ரூவை அரைச் சுற்று திருப்புவார்கள், ஐடிலை ஏற்றி வைப்பார்கள், காசு வாங்கிக்கொள்வார்கள். அந்த ஸ்க்ரூ ஐடிலுக்கும் அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்துக்கும்தான். அரை முறுக்கில் பெட்ரோலை அளந்து விடுவது நீடில் என்கிற கூர்முனை ஊசியும், அது இறங்கும் துளையான நீடில் ஜெட்டும். இதைத் தொழில் செய்கிறவர்களே கண்டுகொள்ளாமல் விட்டால் கோபம் வராதா?

கடைசியில் நானே கழற்றினேன். நீடிலின் ஒரு பக்கத்தில் மட்டும் பளபளவென்று ஒரு தேய்மானப் பட்டை. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்தில் இருந்தது. இன்ஜின் காற்றை இழுக்கும்போது நீடில் ஒரே பக்கமாகச் சாய்ந்து அதிர்ந்து அதிர்ந்து உரசுகிறது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்கிற நம் ஊர் ஓட்டத்தில் ஆக்ஸிலேட்டர் பாதிக்கு மேல் போவதே அபூர்வம். தேய்வதும் அங்கேதான், பெட்ரோல் வீணாவதும் அங்கேதான்.

கடையில் கார்புரேட்டர் ரிப்பேர் கிட் கேட்டேன். நீடில் இருந்தது, நீடில் ஜெட் இல்லை. புது நீடிலைப் பழைய ஓட்டையில் போட்டு என்ன பயன்? இரண்டையும் ஜோடியாக, அதே நம்பர் பார்த்து வாங்குங்கள். டூப்ளிகேட் நீடிலில் முனை கூராகும் அளவு கொஞ்சம் மாறினாலும் போச்சு. மாற்றிய அன்றே அந்தத் திணறல் போய்விட்டது. பாலத்தில் மூன்றாவது கியரிலேயே சத்தமில்லாமல் ஏறியபோது அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஃப்ளோட் பின். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை அடைக்கும் சின்ன ஊசி அது. அதன் கூம்பு முனையில் மோதிரம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தால் பெட்ரோல் நிற்காமல் வழியும். கிண்ணத்தின் அடியில் இருக்கும் பெட்ரோல் வடிக்கும் குழாய் முனையில் உள்ளே இருப்பது தெரியும் ட்யூபை மாட்டி, கிண்ணத்தை ஒட்டி மேல்நோக்கிப் பிடித்து, ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். பெட்ரோல் மட்டம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். மெல்ல ஏறிக்கொண்டே போனால் பின் போயிற்று. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். நிறுத்தி வைப்பதாக இருந்தால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

சரி, தம்பிக்கு என்ன சொன்னேன்? வாங்காதே என்றேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் புது வண்டிகளில் பெரும்பாலும் எஃப்ஐதான், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் முறை. ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற மெக்கானிக் கிடைப்பது இப்போதே கஷ்டமாக இருக்கிறது. அவனுக்குக் கழற்றி மாட்டும் பொறுமையும் கிடையாது. என் வண்டியைக் கொடுக்கிறாயா என்று கேட்டான். அதையும் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.